ஆபரேஷனுக்கு ஒதுக்கிய மாதம்

என் கணவரை வாடிக்கையாளர்கள் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கடையைத் திறக்கும்போது தொடங்கும் பேச்சு, பூட்டுப் போடும்போதுதான் நிற்கும். முடிவெட்டும் கடை. இரண்டு நாற்காலிகள், எதிரே இரண்டு கண்ணாடிகள், காத்திருப்பவர்களுக்குச் சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. முதல் நாற்காலி அவருடையது. இரண்டாவதில் என் தம்பி வேலை பார்த்தான். தம்பியின் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் பெஞ்சில் இருப்பவர்கள் அசையமாட்டார்கள். கிருதா ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினாலும் சரி, காதில் விழுந்துகொண்டிருக்கும் கதை பாதியில் அறுந்துவிடக் கூடாது அவர்களுக்கு.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, யாரையும் சிரமப்படுத்தவில்லை. ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவர் சொன்ன கதைகளையே என்னிடம் திருப்பிச் சொன்னார்கள். அதில் பாதிக்குமேல் எங்கள் எச்சில் கதை. ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். ஒருவர் சொன்னதில் ஐந்து டாக்டர்கள் வந்தார்கள். இன்னொருவர் சொன்னதில் அவர் ஆபரேஷன் மேஜையிலிருந்து குதித்துப் பச்சை அங்கியோடு தெருவில் ஓடினார். இதையெல்லாம் அவரே சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. உண்மையில் நடந்தது அதைவிடச் சின்னது. ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும், அதனால் எழுதுகிறேன்.

அது ஒரு பழைய வாடிக்கையாளரால் ஆரம்பித்தது. வேலை மாறி வெளியூர் போனவர், பல வருடம் கழித்துக் கடைக்குள் நுழைந்தார். முதல் நாற்காலிக்குப் பின்னால் நின்றவரை உற்றுப் பார்த்துவிட்டு, "ரேடியோ இல்லையா? நீங்க அவருக்கு அண்ணனா?" என்று கேட்டார்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போதும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாள் பூராவும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற மனிதர், அதில் அடுத்தவர் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். நான் தினம் பார்ப்பதால் எனக்கும் தெரியவில்லை. கல்யாண போட்டோவை எடுத்து வைத்துப் பார்த்தேன். தாடை இருந்த இடத்தில் கன்னம் இருந்தது. வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு விதமான மாத்திரை போட்டும் அது இறங்காமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஹார்மோன் டாக்டர் ஒரு பெண்மணி. ஒல்லியானவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இவரைத் தரையில் குந்தச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். இவர் ரப்பர் பந்து மாதிரி எழுந்தார். "இன்னொரு தடவை வேணுமா டாக்டர்?" என்றுவேறு கேட்டார். வயிற்றில் சிவப்புக் கோடுகள் இருக்கின்றனவா, தோல் எளிதில் கன்றிப்போகிறதா என்றெல்லாம் டாக்டர் பார்த்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி அட்ரீனல் என்று ஒரு ஜோடிச் சுரப்பி இருக்கிறது. அதில் சுரக்கும் கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும், படுக்கப்போகும் நேரத்தில் ஏறக்குறைய வற்றிவிடும். சுரப்பி கெட்டுப்போனால் இரவிலும் வற்றாது. முகம் உருண்டையாகும், வயிறு போடும், அழுத்தம் ஏறும், குந்தினால் எழ முடியாதபடி தொடை வலுவிழக்கும். வற்றுகிறதா இல்லையா என்று எச்சிலை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

வேறு மருந்து ஏதாவது எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டார். அழுத்த மாத்திரையைத் தவிர ஒன்றுமில்லை என்றார் இவர். நானும் தலையாட்டினேன். அவர் கைகளைப் பற்றி எங்கள் இருவருக்குமே நினைவு வரவில்லை. தலைச்சாயம் கலந்து கலந்து அவர் விரல் இடுக்குகள் வெடித்து அரிக்கும். தினமும் படுக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒரு வெள்ளைக் களிம்பைத் தடவிக்கொள்வார். எத்தனையோ வருடமாக. எங்களுக்கு அது சீப்பு, கத்தரிக்கோல் மாதிரி தொழில் சாமான். அதைப் போய் யார் மருந்து என்று நினைப்பார்கள்?

ஒரு சின்னக் குழாயும், அதற்குள் விரல் கனத்தில் ஒரு பஞ்சுருளையும் கொடுத்தார்கள். கூடவே ஒரு துண்டுத் தாள். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை என்பதால், எழுத்து எங்கே இருந்தாலும் முழுதாகப் படித்துவிடுவேன். அவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சாப்பிட்ட உடனே எடுக்கக் கூடாது, பல் துலக்கிவிட்டு எடுக்கக் கூடாது, பஞ்சைக் கையால் தொடக் கூடாது, அதை வாயில் வைத்து இரண்டு நிமிடம் வாயை மூடிப் பேசாமல் இருக்கவேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் என் தம்பி, "மாமா, இதுக்குப் பதிலா ரத்தம் வேணா ஒரு படி குடுத்துடுங்க" என்றான்.

அன்றிரவு படுக்கப்போகும் முன்னால் அவர் பஞ்சோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேசாமல் நிற்கிற கோலத்தை நான் பார்த்தால் சிரித்துவிடுவேனாம்.

முடிவு வந்தது. கார்டிசால் வற்றவே இல்லை, பொங்கி வழிந்தது. டாக்டர் நம்பாமல் திரும்ப எடுக்கச் சொன்னார். இரண்டாம் தடவை இவர் இன்னும் பயபக்தியோடு செய்தார். எண் இன்னும் ஏறியது. ராத்திரி ஒரு மாத்திரை விழுங்கிவிட்டுக் காலையில் ரத்தம் கொடுக்கிற சோதனை ஒன்றும் செய்தார்கள். அது இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். இடது சுரப்பியில் திராட்சைப் பழம் அளவுக்கு ஒரு கட்டி.

அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எடுத்துவிடலாம் என்று சொன்னார். எடுத்த பிறகு மற்ற சுரப்பி தூக்கத்திலிருந்து விழிக்கக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை மாத்திரை, உடம்பு அசந்துபோகும், குறைந்தது ஒரு மாதம் நின்று வேலை செய்ய முடியாது, அதற்கு மேலும் ஆகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். இவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கை நடுங்குமா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாது" என்றார் அவர்.

அன்றிலிருந்து ரேடியோ நின்றுபோனது. காதோரம் சீவும்போது கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தலையையும் கடைசித் தலை மாதிரி வெட்டினார். அவ்வளவு நேர்த்தி, அவ்வளவு அமைதி. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து இரண்டாவது நாற்காலிக்குப் போனார்கள். ஒரு நாள் என் தம்பி சமையலறைக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, எல்லாரும் என்கிட்ட வராங்க. எனக்குப் பயமா இருக்கு."

தேதி குறித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் பை கட்டினேன். அச்சகத்தில் ஒரு மாதம் விடுப்புச் சொன்னேன். தம்பி ஒரு அட்டையில் எழுதி முதல் கண்ணாடியில் ஒட்டினான்: 'ரேடியோ ஒரு மாதத்துக்கு ஒலிபரப்பாகாது. இரண்டாவது நாற்காலி உண்டு.'

ஹார்மோன் டாக்டருக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இவரை இன்னொரு தடவை தரையில் குந்தி எழச் சொன்னார். மனசு உடைந்துபோயிருந்தாலும் இவர் ரப்பர் பந்து மாதிரியேதான் எழுந்தார். "இவ்வளவு கார்டிசால் உடம்புல ஓடுற ஆளோட தொடை இப்படி வேலை செய்யாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவர், அறுவைக்கு முன்னால் ஒரே ஒரு எச்சில் மட்டும் இன்னும் வேண்டும் என்றார். அதை வேறு ஊரில் இருக்கும் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். வழக்கமான சோதனை கார்டிசால் என்று ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லும். அங்கே புதிதாக ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அது எச்சிலில் இருக்கும் கார்டிசால் வகை ஸ்டீராய்டுகளை ஒன்றொன்றாகப் பிரித்து, எடை பார்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுமாம். இவர் மூன்றாம் தடவையாகப் பஞ்சோடு குளியலறைக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின காலை, உடனே வரச் சொல்லி டாக்டரிடமிருந்து போன். போகிற வழி முழுக்க அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இருபுறமும் தெரிந்த முகங்கள். அவர் யாரையும் பார்த்துப் பேசவில்லை.

டாக்டர் எங்களை உட்காரவைத்துவிட்டு மேஜைமேல் இருந்த போனில் அந்த ஆய்வகத்துப் பெண்ணைப் பேச வைத்தார். குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயதுதான். காலையிலிருந்து யாரிடமாவது சொல்லவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த மாதிரி மளமளவென்று பேசினாள்.

"டாக்டர், கார்டிசால் எக்கச்சக்கமா இருக்கு. ஆனா கார்டிசோன் ஏறவே இல்ல. ஒரு ஆளு படுக்கப்போற நேரத்துக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்கு. இது ரத்தத்துல இருந்து வந்தது இல்ல டாக்டர். வெளியில இருந்து ஒட்டினது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் விளக்கினார். ரத்தத்திலிருந்து எச்சிலுக்கு வரும் வழியில், எச்சில் சுரப்பி கார்டிசாலில் பெரும்பகுதியைக் கார்டிசோன் என்கிற இன்னொன்றாக மாற்றிவிடும். அதனால் உள்ளே கார்டிசால் பொங்கினால் எச்சிலில் இரண்டுமே ஏறியிருக்க வேண்டும். இவர் எச்சிலில் ஒன்று மலை மாதிரி நிற்கிறது, மற்றது தரையோடு கிடக்கிறது. பழைய சோதனை மலையை மட்டும் பார்த்துவிட்டுப் பயமுறுத்தியிருக்கிறது.

பிறகு டாக்டர் இவர் பக்கம் திரும்பினார்.

"பஞ்சைக் கையால தொட்டீங்களா சார்?"

"தொடாம எப்படி டாக்டர்? கல்லு மாதிரி இருந்துச்சு. எங்க தொழில்ல பஞ்சை அப்படியே வைக்கமாட்டோம். விரல்ல நாலு உருட்டு உருட்டி மெத்துனு ஆக்கித்தான் வாயில வெச்சேன்."

"தொடக்கூடாதுன்னு தாள்ல போட்டிருந்துதே."

"அது அழுக்குக் கைக்குச் சொன்னது. நான் சோப்பு போட்டுக் கழுவி, களிம்பெல்லாம் தடவிட்டு அப்புறம்தானே தொட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு இவர் கைகளைப் பார்த்தார்.

"என்ன களிம்பு?" என்றார் டாக்டர் மெதுவாக.

இவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடுத்து, அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி வந்திருந்த களிம்புக் குழாயை எடுத்து வைத்தார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "என்ன போட்டிருக்கு, என்ன போட்டிருக்கு?" என்று போனில் அவள் பறந்தாள்.

"ஹைட்ரோகார்டிசோன்" என்றார் டாக்டர்.

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கூட இருப்பவர்களிடம் ஓடிச் சொல்வது இங்கே கேட்டது. டாக்டர் எங்களைப் பார்த்து, கார்டிசாலுக்கு மருந்துக்கடையில் வைத்த பெயர்தான் அது என்றார். மூன்று தடவையும் அவர் வாயில் வைத்தது களிம்பில் ஊறிய பஞ்சு. கவனமாகச் செய்யச் செய்ய எண் ஏறியதில் ஆச்சரியமே இல்லை.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் இவர்.

டாக்டர் அவசரப்படவில்லை. கட்டி கட்டிதான், அது எங்கேயும் போகவில்லை. மாத்திரைச் சோதனையும் இரண்டுங்கெட்டானாகத்தான் கிடக்கிறது. களிம்பை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம், அதுவரை கத்திக்கு வேலையில்லை என்று சொல்லி, அறுவை மருத்துவருக்கும் பேசித் தேதியை எடுத்துவிட்டார்.

களிம்பு இல்லாத அந்த நாட்களில் அவர் கைகள் அரித்த அரிப்பு இருக்கிறதே, கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நின்றார். சோதனைக்கு என்னையே பொறுப்பாக்கினார் டாக்டர். கையுறை போட்டுக்கொண்டு, குழாயைக் கவிழ்த்து, பஞ்சு நேரே அவர் வாயில் விழும்படி நான் போட வேண்டும். குளியலறைக் கதவெல்லாம் இந்தத் தடவை கிடையாது என்று சொல்லிவிட்டேன். படுக்கை விளிம்பில் உட்கார்ந்து வாயைத் திறந்தார், போட்டேன், மூடிக்கொண்டார். கைகளைத் தொடையில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் புருவம் ஏறியது. பிறகு ஒன்று மட்டும் ஏறியது. கண் உருண்டது. வாய் மூடியிருக்கவே ஏதோ ஒரு கதை முழுமூச்சாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். அவர் உடம்பு குலுங்குவதைப் படுக்கை எனக்குச் சொன்னது. பஞ்சைக் குழாயில் துப்பியதும் முதல் வார்த்தையாக, "எங்க விட்டேன்?" என்று கேட்டார்.

முடிவு வந்த அன்று தம்பியும் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தான். டாக்டர் தாளை எங்கள் பக்கம் திருப்பிவைத்துக் காட்டினார். இரவுக்கு உரிய இடத்தில் இரண்டு எண்களும் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. மாத்திரைச் சோதனையும் இந்தத் தடவை சந்தேகமே இல்லாமல் சரியான பக்கம் வந்திருந்தது. முதல் தடவை பயந்து தூங்காமல் கிடந்ததால் அப்படி வந்திருக்கலாம் என்றார். அந்தக் கட்டி எதையும் சுரக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாமலே அப்படி ஒன்று இருக்கும், அடுத்த வருடம் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்.

தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தான். நான் அழுதேன். அவர் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"சுரப்பி சரியா இருக்குன்னா, இந்த முகம் எப்படி வந்துச்சு டாக்டர்?"

"அது நீங்க சாப்பிட்டது சார்."

சாயங்காலம் சாயங்காலம் வெண்ணெய் தடவின பன் இரண்டு, கடைக்கு எதிரே இருந்த ரொட்டிக்கடையிலிருந்து வரும். அவருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். சுரப்பிமேல் இருந்த பழி அப்படியே தன்மேல் திரும்பியதை அவரால் சட்டென்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். கைக்கு வேறு களிம்பு, சாயம் கலக்கும்போது உறை. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். அந்த ஆய்வகத்தில் இனி வருகிற ஒவ்வொரு எச்சிலிலும் இரண்டையும் சேர்த்தே அளக்கப் போகிறார்களாம். கூடவே கொடுக்கிற தாளில், களிம்பு தடவிய கையைப் பற்றிப் புதிதாக ஒரு வரி அச்சடித்திருந்தார்கள். பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

நேரே கடைக்குத்தான் போனார். முதல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைக் கிழிக்கக் கையை நீட்டினார். தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒட்டினது ஒட்டினதாவே இருக்கட்டும் மாமா. அக்காவும் லீவு சொல்லியாச்சு. ஒரு மாசம் நான் பாத்துக்கறேன்."

"உனக்குப் பயமா இருக்குன்னு சொன்னியாமே மாப்ள."

"இப்ப இல்ல."

கல்யாணம் ஆன நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த நேரம் மிகக் குறைவு. அவருக்குக் கூட்டம் வரும் நாளில் எனக்கு விடுமுறை, அவர் விடுமுறையில் நான் அச்சகத்தில் இருப்பேன். கத்திக்கும் கட்டுக்கும் மாத்திரைக்கும் என்று ஒதுக்கி வைத்த மாதம் முழுதாக எங்கள் கையில் வந்து விழுந்தது. என்ன செய்வது என்று முதல் நாள் இருவருக்குமே தெரியவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று நடந்தோம்.

ஆற்றோரப் பாதையில் நடப்போம், அங்கே இருந்த ஒரு தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வருவோம். அவர் பேசிக்கொண்டே வருவார். எதிரே வருகிறவர்களின் தலையைப் பார்த்து, இது எந்தக் கடை வெட்டு, எங்கே கை பிசகியது என்று சொல்வார். பெஞ்சில் இருந்தவர்களுக்கு வருடக்கணக்காகச் சொன்னதையெல்லாம் முதல் முறையாக எனக்கு நேரே சொன்னார். நான் அவற்றை வேறு யார் யார் வாயிலிருந்தோ கேட்டிருந்தேன். அவரிடமிருந்து கேட்கும்போது நன்றாகவே இருந்தது, பொய்யும் கூடுதல்.

மாதம் பாதி போயிருக்கும். ஒரு பிற்பகல் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவர் பேச்சு நின்றது. மயக்கமா, நெஞ்சு ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"தீந்து போச்சு" என்றார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே நீ சொல்லு."

"என்கிட்ட என்னங்க இருக்கு சொல்ல?"

"நாள் பூரா அடுத்தவங்க எழுதினதை உக்காந்து படிக்கிற. ஒண்ணு கூடவா இல்ல?"

அச்சகத்தில் நடந்த ஒன்றைச் சொன்னேன். இரண்டு கல்யாணப் பத்திரிகைகளின் மாப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மாறி அச்சாகி, இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் முதலாளி அறைக்குள் வந்து நின்ற கதை. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். பிடரியில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும்போது அப்படித்தான் நிற்பார். முதலாளி என்ன சொன்னார், பெண் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினாரா, நீ எங்கே ஒளிந்துகொண்டாய் என்று நடுநடுவே கேட்டார். சிரித்தார். அதிலிருந்து இன்னொன்று ஞாபகம் வந்தது. அதிலிருந்து இன்னொன்று. எனக்குள் இவ்வளவு கிடந்தது எனக்கே தெரியாது.

பேசிக்கொண்டே எழுந்து நடந்தோம், பேசிக்கொண்டே எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். வீட்டு வாசலில் சாவியை எடுத்தேன். கதை இன்னும் முடியவில்லை. அவர் சாவியை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "இன்னொரு சுத்து போய்ட்டு வரலாம், நீ சொல்லு" என்றார்.